தச்சுப் பட்டறையில் ஓர் அறிவியல் மேதை

(மாணவி, இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

அணுக்கருப் பிளவு என்றதும் ஆட்டோ ஹான் என்னும் பெயர் நம் நினைவுக்கு வரும். அவரோடு ஏறத்தாழ முப்பதாண்டுகள் இணைந்து ஆராய்ந்த பெண்மணியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் லிசே மைட்னர்.

மைட்னர் 1878-ஆம் ஆண்டு வியன்னாவில் பிறந்தார். பெண்களுக்கு உயர்கல்வி எட்டாக்கனியாக இருந்த காலம் அது. தனியே பாடம் கேட்டுத் தேர்வெழுதிப் பல்கலைக்கழகம் புகுந்தார்; 1906-இல் டாக்டர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு பெர்லின் சென்றார். அங்கே வேதியியல் ஆய்வுக்கூடத் தலைவர் எமில் ஃபிஷர் பெண்களை அனுமதிப்பதில்லை. எனவே கீழ்த்தளத்தில், முன்பு தச்சுப் பட்டறையாக இருந்த அறையே மைட்னருக்குக் கிடைத்தது. மாடியேறக் கூடாது, சம்பளமும் இல்லை. பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததால் தெருவிலிருந்த உணவு விடுதிக்குத்தான் செல்வார்.

இதைப் படித்தபோது என் கண்கள் கலங்கின. என் தாயார் செங்கற்சூளையில் வேலை செய்பவர். அங்கும் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதனாலேயே கொளுத்தும் வெயிலிலும் அம்மா தண்ணீர் குடிக்கமாட்டார். கல் சுமப்போரில் பாதிக்குமேல் பெண்கள். மேஸ்திரி மட்டும் என்றும் ஆண்தான்!

1908-இல் பிரஷ்ய அரசு பல்கலைக்கழகக் கதவுகளைப் பெண்களுக்குத் திறந்தது. மைட்னரின் தடையும் நீங்கியது. 1912-இல் மேக்ஸ் பிளாங்கின் உதவியாளராகி முதன்முறையாக ஊதியம் பெற்றார். 1917-இல் கைசர் வில்ஹெல்ம் வேதியியல் நிறுவனத்தில் இயற்பியல் துறையின் தலைமை அவரிடம் வந்தது. 1926-இல் பேராசிரியரானார். அறிவு அன்றும் இருந்தது; வாய்ப்புத்தான் பின்னால் வந்தது.

யூதக் குடும்பத்தில் பிறந்தவராதலால், 1938-இல் இட்லரின் ஆட்சிக்குத் தப்பி சுவீடன் சேர்ந்தார். யுரேனியத்திலிருந்து பேரியம் தோன்றிய புதிரை ஹான் கடிதத்தில் எழுத, அணுக்கரு பிளந்ததே காரணம் என்று மைட்னரும் அவர் சகோதரி மகன் ஃபிரிஷும் விளக்கினர். ஆனால் 1944-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு ஹானுக்கு மட்டுமே கிடைத்தது. 1968-இல் மைட்னர் மறைந்தார். 1997-இல் 109-ஆம் தனிமத்துக்கு மைட்னேரியம் என்று பெயர் சூட்டப்பட்டது.

நண்பர்களே! எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நாளை ஏதேனும் ஓர் அலுவலகத்தில் தலைமை நாற்காலி எனக்குக் கிடைக்குமானால், அதில் அமருமுன் ஒன்றைப் பார்ப்பேன்: அங்கே வேலை செய்யும் பெண்கள் அச்சமின்றித் தண்ணீர் குடிக்கிறார்களா?