ஃபூரியரும் சூடாகும் ரிசீவரும்

மூடின அலமாரிக்குள்ள வெச்ச ஹோம் தியேட்டர் ரிசீவர் சூடாகி தானா ஆஃப் ஆகுதா? காரணத்தை ஃபூரியர் எப்பவோ சொல்லிட்டார். ஆமாங்க, நம்ம சிக்னல்ஸ் பேப்பர்ல வந்து மிரட்டுறவரேதான்!

1768ல் பிரான்ஸில் தையல்காரர் மகனாகப் பிறந்தவர். சின்ன வயசுலேயே பெற்றோரை இழந்தார். கிரெனோபிளில் அரசு அதிகாரியாக இருந்துகொண்டே, திடப்பொருளில் வெப்பம் எப்படிப் பரவுதுன்னு 1807ல் கட்டுரை எழுதினார். ஃபூரியர் தொடர் வந்தது இந்த வெப்பக் கணக்குக்காகத்தான். லாக்ராஞ்ச் போன்ற கணித மேதையே அதை ஏற்கவில்லை. அவரும் விடவில்லை, 15 வருஷம் கழித்து, 1822ல் புத்தகமாகவே கொண்டுவந்தார். 1830ல் மறைந்தார்.

அவர் விதி எளிது: வெப்பநிலை வித்தியாசம் இருந்தால்தான் வெப்பம் நகரும். அலமாரிக் காற்றே கொதிச்சா ஹீட் சிங்க் என்ன பண்ணும்? கதவைத் திறங்க, மேலே இடம் விடுங்க, தூசியைத் தட்டுங்க. ரிசீவர் பிழைச்சுக்கும்.