நடுக்கத்தைப் பிரித்தறிந்த டாக்டர் சார்க்கோ

பாரிஸ் நகரில் குதிரை வண்டி கட்டும் தொழிலாளி ஒருவரின் மகன் ழான் மார்ட்டின் சார்க்கோ. பிறந்தது 1825 நவம்பர் 29. டாக்டருக்குப் படித்து, 1862இல் சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் பொறுப்பேற்றார். ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் நோயோடு முடங்கிக் கிடந்த இடம் அது.

கைகால் நடுக்கம் என்றால் எல்லாம் ஒன்றே என்று டாக்டர்களும் குழம்பிய காலம். சார்க்கோ பொறுமையாகப் பார்த்தார். சும்மா வைத்திருக்கும்போது நடுங்கும் கை ஒரு வகை. 1817இல் அதை விவரித்த ஆங்கில டாக்டர் பார்க்கின்சனின் பெயரையே அதற்குச் சூட்டினார். ஒரு பொருளை எடுக்கப் போகும்போது நடுங்கும் கை வேறு வகை. 1868இல் அதைத் தனி நோயாக விளக்கினார். மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்பது அதுதான்.

அவர் வீட்டு வேலைக்காரிக்கும் விசித்திரமான நடுக்கம் இருந்தது. தட்டுகள் உடைந்துகொண்டே இருந்தன. நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு, அவளை நீக்காமல் கவனித்து வந்தார். அவள் இறந்த பிறகே மூளையிலும் தண்டுவடத்திலும் இந்நோய் இருந்தது உறுதியாயிற்று. இதை எழுதி வைத்தவர் அவருடைய மாணவர் பிராய்டு.

1882இல் நரம்பு நோய்களுக்கென்றே தனிப் பேராசிரியர் பதவி அவருக்காக ஏற்பட்டது. 1893 ஆகஸ்ட் 16இல் காலமானார். நோயை இனம் கண்டாரே தவிர, தீர்க்கும் மருந்து அவர் கையில் இல்லை.

1981இல் லண்டன் டாக்டர்கள் எம்.ஆர்.ஐ. படத்தில் இந்நோயின் தழும்புகளை உயிரோடு இருப்பவரிடமே கண்டார்கள். ஆனால் குழப்பம் ஒழியவில்லை. ரத்தக் கொதிப்பு, ஒற்றைத் தலைவலி உள்ளவர் மூளையிலும் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் இன்னொரு நோயும் உண்டு. அதில் தண்டுவடத் தழும்பு மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கு மேல் ஓடும். மல்டிபிள் ஸ்கிலிரோசிசில் பெரும்பாலும் குட்டையாக இருக்கும். மூளைக்குள் நீர் நிறைந்த அறைகளை ஒட்டி நீள்வட்டத் தழும்புகளும் தெரியும். இந்த வித்தியாசம் முக்கியம். ஒன்றுக்குத் தரும் சில மருந்துகள் மற்றதை மோசமாக்கிவிடும்.

2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து கப்பலேறிச் சென்னைக்குச் சிகிச்சைக்குப் போகும் தமிழர்கள் பலர். இத்தகைய நோய்க்குப் போகிறவர் படத்தை மட்டும் நீட்டினால் போதாது. எந்தக் கண் மங்கியது, கை எப்போது நடுங்கியது, எத்தனை நாளில் சரியானது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய படங்களையும் எடுத்துப் போனால், எது புதுத் தழும்பு, எது பழையது என்று டாக்டரால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.