கரும்புக்குள் கணக்குப் பார்த்த ஜானகி அம்மாள்

ஜாவாத் தீவின் சர்க்கரை கப்பல் கப்பலாக நம் துறைமுகங்களில் வந்து இறங்கிய காலம் அது. நம் நாட்டிலேயே நல்ல கரும்பு விளைய வேண்டும் என்று 1912-ல் கோவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். இனிப்புக் கரும்பையும் நாணலையும் கலந்து புது ரகங்கள் கண்டார்கள். அந்த நிலையத்துக்கு 1934-ல் ஓர் அம்மையார் வேலைக்கு வந்தார். அவர்தான் ஜானகி அம்மாள்.

படிப்பே துணை

ஜானகி அம்மாள் 1897-ல் தலைச்சேரியில் பிறந்தார். சகோதரிகள் மணமாகிச் சென்றார்கள். இவரோ படிப்பைத் தேர்ந்தெடுத்தார். கடைசி வரை மணம் புரியவில்லை. சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். அமெரிக்கா சென்று, 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

நூல் போன்ற இழைகள்

உயிரணுவுக்குள் நூல் போன்ற இழைகள் உண்டு. இவையே குரோமோசோம்கள். மனிதருக்கு 46. கத்தரிச் செடிக்கு 24. பாதி தாய் தந்தது. பாதி தந்தை தந்தது. முட்டையோ மகரந்தமோ உருவாகும்போது, ஜோடியாக நிற்கும் இழைகள் பிரிந்து சரிபாதியாக வேண்டும்.

ஜானகி அம்மாள் கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூடக் கலந்து பார்த்தார். இத்தகைய தூரத்து உறவுகளைக் கலந்தால் இழைகளுக்குச் சரியான ஜோடி கிடைப்பதில்லை. பிரிவு தடுமாறும். விதை பிடிக்காது. எனவே இழைகளை எண்ணுவதே அவருடைய வாழ்நாள் வேலையாயிற்று.

1939-ல் மாநாட்டுக்காக பிரிட்டன் சென்றார். யுத்தம் மூண்டது. அங்கேயே தங்கினார். இரவில் குண்டு விழும்போது கட்டிலடியில் ஒதுங்குவாராம். காலையில் கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கிவிட்டு ஆராய்ச்சிக்குத் திரும்புவாராம். 1945-ல், டார்லிங்டன் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்துப் பெரிய நூல் வெளியிட்டார்.

நேருவின் அழைப்பை ஏற்று 1951-ல் தாயகம் திரும்பினார். 1977-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சென்னையை அடுத்த மதுரவாயல் ஆராய்ச்சிக்கூடத்தில் உழைத்தபடியே 1984-ல் காலமானார்.

கயிறும் கத்தரியும்

இழைகள் பிரிவதை அம்மையார் கண்ணாரக் கண்டார். அவற்றைக் கட்டி வைப்பது எது, அவிழ்ப்பது எது என்பது அவர் மறைந்த பிறகே தெரிந்தது. எல்லாம் புரதங்களின் வேலை! கொஹீசின் என்ற புரதம் வளையம்போல் இழைகளைக் கட்டி வைக்கிறது. செபரேஸ் என்ற புரதம் கத்தரிபோல் அந்தக் கட்டை வெட்டுகிறது. ஒரே வெட்டில் எல்லாம் சிதறிவிடாதபடி, ஷுகோஷின் என்ற புரதம் நடுக்கட்டை இரண்டாம் பிரிவு வரை காக்கிறது.

நம் வீட்டுப் பெண் குழந்தைக்கு இந்தக் கட்டு தாய் வயிற்றிலேயே விழுந்துவிடுகிறது. பல்லாண்டு தாங்கி, வயது ஏற ஏறத் தளர்கிறது. வயது சென்ற தாய்மாரின் குழந்தைகள் சிலருக்கு 46-க்குப் பதில் 47 இழைகள் அமைய இதுவும் ஒரு காரணம்.

ஓர் இழை கூடினாலும் குறைந்தாலும் வாழ்வே மாறிவிடும். அந்தக் கணக்கைச் செடிகளில் ஒன்று விடாமல் எண்ணி வைத்தவர் ஜானகி அம்மாள். இங்கிலாந்தில் வெள்ளைப் பூப் பூக்கும் மக்னோலியா ரகம் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.