டாக்டர் பல்பு: அவமானத்தைத் தொண்டாக்கியவர்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கே, அகத்தியர் மலைத்தொடரின் மடியில் அமைந்துள்ளது போனக்காடு. அகத்தியர்கூடம் செல்லும் யாத்திரிகர்கள் இங்கிருந்துதான் காட்டுப் பாதையில் நடக்கத் தொடங்குகின்றனர். அந்த மலையில் பிறந்து மேற்கு நோக்கிப் பாய்கிறது நெய்யாறு. அதன் கரையில் உள்ள அருவிப்புறத்தில் 1888-ஆம் ஆண்டு ஸ்ரீ நாராயண குரு, ஆற்றிலிருந்து எடுத்த ஒரு கல்லைச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். பெருங்கோயில்களின் வாயில் அடைக்கப்பட்டிருந்த ஈழவ சமுதாயத்தில் தோன்றியவர் அவர். யாரையும் அவர் நிந்திக்கவில்லை. யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்கவும் இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வந்த அவமானத்திற்கு அவர் அளித்த விடை அதுவே. அதே சமுதாயத்தில் பிறந்த ஒரு மருத்துவர், தம் உள்ளத்துக் காயத்திற்குரிய மருந்தைப் பிற்காலத்தில் இந்த ஆற்றங்கரையில்தான் கண்டடைந்தார்.

அவரே டாக்டர் பத்மநாபன் பல்பு. 1863-இல் திருவனந்தபுரத்தின் பேட்டைப் பகுதியில் பிறந்தார். திருவிதாங்கூரில் மருத்துவப் படிப்பிற்கான தேர்வில் தேர்ச்சி பெற்றும், சாதியைக் காரணம் காட்டி அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. சென்னைக்குச் சென்று, மருத்துவக் கல்லூரியில் பயின்று பட்டத்துடன் திரும்பினார். அப்போதும் சொந்த நாட்டில் அவருக்கு அரசுப் பணி கிடைக்கவில்லை. பட்டதாரியான அவருடைய தமையனாருக்கும் முன்னரே இதே கதி நேர்ந்திருந்தது. பிறந்த மண் கைவிட்டவருக்கு மைசூர் அரசு பணி வழங்கியது.

தவறு செய்தவன் அடைவது குற்றவுணர்வு. அது செயலைப் பற்றியது, ஆகவே திருத்திக்கொள்ளத் தூண்டுகிறது. அவமானமோ செயலை விட்டுவிட்டு ஆளையே இகழ்கிறது. ஆகவே அது மனத்தில் ஆறாத வடுவாகிறது. அந்த வடு சிலரைத் தம்முள் சுருங்கச் செய்கிறது. சிலரைச் சீறி எழச் செய்கிறது. அமெரிக்கச் சிறைகளில் பல்லாண்டுகள் பணியாற்றிய மனநல மருத்துவர் ஜேம்ஸ் கில்லிகன், கொடிய வன்முறையின் வேரில் பெரும்பாலும் அவமானமே இருப்பதைக் கண்டார். அடிபட்டவன் தன்னை அடித்தவனைத் தாக்குவது அரிது; தன்னினும் எளியவன் மீதே கை ஓங்குகிறான். சாதிப் படிநிலை நெடுங்காலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். மேலிருந்து பெற்ற இழிவைக் கீழே உள்ளவரிடம் காட்டும் வழக்கம் ஈழவரிடமும் இருந்தது. குரு அதை ஏற்கவில்லை.

பல்புவின் உள்ளத்திலும் சினம் கனன்றது. ஆனால் அது கண்மூடித்தனமாகப் பாயவில்லை. 1891-இல் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மலையாளி விண்ணப்பத்தில் அவரும் முன்னின்றார். அவர் சமுதாயத்தினர் குலத்தொழிலோடு அமைவதே நலம் என்னும் கருத்துடன் அரசின் பதில் வந்தது. மீண்டும் ஓர் இழிவு! 1896-இல் பதின்மூவாயிரத்திற்கும் மேற்பட்டோரின் கையொப்பங்களுடன் ஈழவ விண்ணப்பத்தை அவர் சமர்ப்பித்தார். இழிவு தம்மிடத்தில் இல்லை, இழிவுபடுத்தும் ஏற்பாட்டிலேயே உள்ளது என்று தெளிந்தவரால்தான் இவ்வாறு நிமிர்ந்து நின்று கேட்க முடியும்.

1898-இல் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியது. உயிருக்கு அஞ்சி மக்கள் ஊரைவிட்டு ஓடிய வேளையில், பல்பு நோயாளிகளிடையே நின்று பணியாற்றினார். தீண்டத்தகாதவை என்று ஒதுக்கப்பட்ட கைகள், எவரும் தொட அஞ்சியவர்களைச் சாதி பாராமல் தொட்டுக் காத்தன.

சுவாமி விவேகானந்தரின் சந்திப்பு பல்புவுக்கு வழிகாட்டியது. இந்நாட்டு மக்களை எழுப்ப வேண்டுமானால் ஓர் ஆன்மிகப் பெரியாரை மையமாகக் கொள்ள வேண்டும் என்பது சுவாமிஜியின் அறிவுரை. பல்புவின் நாட்டம் அருவிப்புறத்தை நோக்கித் திரும்பியது. 1903-இல் குருவைத் தலைவராகவும், கவிஞர் குமாரன் ஆசானைச் செயலாளராகவும் கொண்டு ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் உருவாயிற்று. தனியொருவரின் கொதிப்பு, பள்ளிகளாகவும் சங்கங்களாகவும் உருக்கொண்டது.

சினத்தை ஆள்வது வேறு, அநீதிக்கு அடங்கிப் போவது வேறு. அவமதிக்கப்பட்டவனிடம் பொறுமையை மட்டும் போதிப்பது புண்ணை மூடிவைப்பதாகும். உள்ளே சீழ் பிடிக்கும். பல்பு தம் வலியை மறைக்கவில்லை. அதற்குப் பெயரிட்டார், காரணம் கண்டார், தம்மைப் போன்றோருடன் பகிர்ந்தார், பிறர் துயர் துடைக்கும் செயலாக்கினார். மனக்காயம் ஆறும் வழியாக இன்றைய உளவியல் காட்டுவதும் பெரும்பாலும் இதுவே.

1936-இல் திருவிதாங்கூர்க் கோயில்கள் அனைத்து இந்துக்களுக்கும் திறக்கப்பட்டதைக் கண்ட பிறகே, 1950-இல் பல்பு மறைந்தார். வீட்டிலும் பள்ளியிலும் பணியிடத்திலும் நம் ஒரு சொல்லால் ஒருவர் கூனிக்குறுகக்கூடும். அந்தச் சொல்லைத் தவிர்ப்பது முதற்கடமை. நாம் கூனிக்குறுகும் நாளில், அந்த நெருப்பை எளியவர் மீது வீசாமல் விளக்காக ஏற்றுவது அடுத்த கடமை.