இரண்டாம் பிரதியின் பெருமை

கொட்டாஞ்சேனையில், ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் காணி உறுதிகளைப் பிரதி செய்யும் வேலையோடு என் உழைப்பு தொடங்கிற்று. ஓர் உறுதியிலே பல காணித் துண்டுகள் வரும். ஒவ்வொன்றுக்கும் வடக்கே, கிழக்கே என்று அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஒருநாள் என் கண் ஒரு வரியிலிருந்து அதனை ஒத்த வேறொரு வரிக்குத் தாவிவிட, இடையிலிருந்த காணி பிரதியில் மறைந்தே போயிற்று. இன்னொரு நாள் ஒரே காணியை இருமுறை எழுதிவைத்தேன். இரண்டுக்கும் வசையே கிடைத்தது. இத்தகைய பிழைகள் உயிர்களின் வரலாற்றிலே புதுமைக்கு வித்தாயின என்பதைப் பல்லாண்டுகள் கழித்து அறிந்தேன். அதனை முற்பட உணர்ந்தோருள் ஒருவரான ஜே. பி. எஸ். ஹோல்டேன் என்னும் பேரறிஞரின் வாழ்வை ஈண்டுக் கூற விழைகின்றேன்.

அவர் 1892 ஆம் ஆண்டு ஒக்ஸ்போர்ட் நகரிலே பிறந்தார். தந்தையார் சுவாசத்தை ஆராய்ந்த விஞ்ஞானி. சுரங்கத்தினுள் மகனை நிறுத்தி, ஷேக்ஸ்பியரின் நாடக வசனமொன்றை ஒப்புவிக்கச் செய்தார். பாதியிலே பிள்ளைக்கு மூச்சு முட்டி, கால் தளர்ந்தது. கீழே விழுந்ததும் நல்ல காற்றுக் கிடைத்தது. சுரங்கவாயு இலேசானது, மேலேயே தங்கும் என்ற பாடத்தை அவர் பின்னர் ஒருபோதும் மறக்கவில்லை. ஆயினும் அவர் பெற்ற சர்வகலாசாலைப் பட்டம் பண்டைய இலக்கியத்திலும் தத்துவத்திலுமேயன்றி, விஞ்ஞானத்தில் அன்று. முதல் உலகப் போரிலே காயமுற்று, உடல் தேற இந்தியாவுக்கு வந்தபோது இந்நாடுகளின்மீது அவருக்குப் பற்றுண்டாயிற்று.

1932 இல் அவர் வெளியிட்ட பரிணாமம் பற்றிய நூலிலே, பரம்பரையலகுகள் இரட்டிப்பதன் பயனைச் சுட்டினார். டி. என். ஏ.யின் அமைப்பு அறியப்பட்டது 1953 இலேதான் என்பதை நினைக்கும்போது வியப்பு மேலிடுகின்றது. அவர் கண்ட நியாயம் எளிது. உயிருக்கு இன்றியமையாத அலகு ஒன்றே இருப்பின், அதில் நேரும் மாற்றம் பெருங்கேடாய் முடியலாம். இரண்டு இருப்பின், ஒன்று பழைய தொழிலைக் காத்துக்கொள்ள, மற்றது அச்சமின்றி மாறலாம். பெரும்பாலும் அது பழுதாகி ஒழியும். எப்போதோ ஒருமுறை புதுத்தொழில் கற்கும். 1970 இல் சுசுமு ஓனோ என்னும் ஜப்பானிய அறிஞர் இக்கருத்தைத் தனி நூலாகவே விரித்தெழுதினார். நமது இரத்தத்துக்குச் செந்நிறமளிக்கும் ஈமோகுளோபினின் அல்பா, பீற்றா என்னும் இரு சங்கிலிகளும் ஒரே ஆதி அலகு இரட்டித்துப் பிரிந்த வழித்தோன்றல்களே.

இரட்டிப்பு எப்படி நிகழ்கின்றது? மனித டி. என். ஏ.யில் ஏறக்குறையப் பாதி, திரும்பத் திரும்ப வரும் தொடர்களே. நிறமூர்த்தங்கள் இணைந்து பகுதிகளை மாற்றிக்கொள்ளும் வேளையில், ஒன்றையொன்று ஒத்த இருவேறு இடங்கள் தவறிப் பொருந்துவதுண்டு. என் கண் வரி தாவியது போலத்தான். அப்போது ஒரு பக்கம் அலகொன்று மிகும். மறுபக்கம் ஒன்று குறையும். அல்பா அலகு ஒவ்வொரு நிறமூர்த்தத்திலும் அருகருகே இரண்டாக இருப்பது. இவ்வாறு ஒன்றாகவோ மூன்றாகவோ ஆகிவிடும்.

வெள்ளவத்தையில் என் அயல்வீட்டுச் சிறுவன் ஒருவன் மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்கின்றான். அவனுக்குப் பீற்றாச் சங்கிலி குன்றிய தலசீமியா நோய். இந்நோயிலே அல்பா அலகு மிகுந்தால் துன்பம் கூடும், குறைந்தால் தணியும். தன் குடும்பத்துக்கு ஏன் இது வந்ததென அவன் தாய் கலங்குகின்றாள். இத்தகைய அலகை ஒற்றையாய்த் தாங்குவோர் மலேரியாவுக்குத் தப்பிப் பிழைத்திருக்கலாம் என்று ஹோல்டேன் 1949 இல் எழுதினார். பின்வந்த ஆய்வுகள் அக்கருத்துக்கு வலுவூட்டின. 1934-35 இல் சுமார் 80,000 உயிர்களை மலேரியாவுக்குப் பலிகொடுத்த நாடு நமது. 2016 இல் அந்நோய் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பகை போயிற்று, கேடயத்தின் பாரம் மட்டும் எஞ்சிற்று. பெற்றோர் இருவரும் அதனைத் தாங்குவோராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்புண்டு. ஆதலின் சாதகம் பார்க்கும் நம்மவர், மணத்துக்கு முன் இரத்தமும் பார்த்தல் நன்று. அத்தாயிடம் நான் சொன்னதும் இதுவே: இது எவர் செய்த பாவமுமன்று, முன்னோர் உயிர் தப்பிய தடம்.

ஹோல்டேன் 1957 இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தார். இந்திய உடை தரித்தார், புலால் துறந்தார், குடியுரிமையும் பெற்றார். பின்னர் புவனேஸ்வரத்தில் ஆய்வுகூடம் அமைத்து, 1964 டிசம்பர் முதலாம் நாள் புற்றுநோயால் மறைந்தார். அவர் விருப்பப்படி, உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு மாணவர் கற்பதற்கென அளிக்கப்பட்டது.

மூலத்தைக் காப்பது நொத்தாரிசின் கடமை. ஆயின் மூலமொன்று பத்திரமாய் இருக்கும்போது, இரண்டாம் பிரதியிலே எழுதிப் பார்க்கும் உரிமை இயற்கைக்கு உண்டு. வசை வாங்கிய என் பழைய பிழைகளை இப்போது சற்றே மன்னித்துவிட்டேன்.