பள்ளத்தை அளந்தவர்

கொடிய விபத்திலிருந்து ஒருவர் உயிர் தப்பினால், அதனை நற்பேறு என்று கூறி அமைவது உலக வழக்கு. அவ்விடையில் அமைதி கொள்ளாதவர் ஹியூ டிஹேவன். 1895ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்த அவர், முதல் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய வான்படையின் கனடாப் பிரிவில் சேர்ந்தார். 1917இல் பயிற்சியின்போது அவரது விமானம் வானிலேயே மற்றொரு விமானத்தோடு மோதி வீழ்ந்தது. கல்லீரல் முதலிய உள்ளுறுப்புகள் கிழிந்து, பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்தார். வீழ்ச்சியைக் காட்டிலும், தம்மைக் காக்க வேண்டிய இடைவாரின் கூரிய கொக்கியே வயிற்றைக் கிழித்தது என்று அவர் உணர்ந்தார். அதனை ஏற்பார் இல்லை.

பின்னர்க் கருவிகள் பல கண்டு பொருளீட்டினார்; எனினும் அக்கொக்கியை மறந்தாரில்லை. தம் வீட்டுச் சமையலறையில் ரப்பர் விரிப்பின்மீது முட்டைகளை விழச்செய்து, அவை எப்போது உடைகின்றன, எப்போது உடைவதில்லை என்று ஆராய்ந்தார். பிறகு, 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து வீழ்ந்தும் பிழைத்த எண்மரைப் பற்றிய செய்திகளைத் திரட்டினார். வீழ்ந்த இடத்தில் மண் எத்தனை அங்குலம் அமிழ்ந்தது, தகடு எவ்வளவு வளைந்தது என்பனவே அவருக்குச் சான்றுகள். 50 அடி வீழ்ந்த உடல் 4 அங்குலப் பள்ளத்தில் நின்றதாகக் கொள்வோம். 600 அங்குலத்தை 4ஆல் வகுத்தால் 150. அவ்வுடல், சராசரியாகத் தன் எடையைப்போல் ஏறத்தாழ 150 மடங்கு விசையைத் தாங்கியுள்ளது. பள்ளம் 1 அங்குலமே எனின் அவ்விசை 600 மடங்காகும். நின்ற தொலைவு தெரிந்தால் தாக்கத்தின் கடுமையும் தெரியும் என்னும் இவ்வெளிய கணக்கு, 1942இல் அவரது கட்டுரையாக வெளிவந்தது. மருத்துவர் அல்லாத ஒருவர் மருத்துவ உலகிற்குக் கற்பித்த பாடம் அது!

அவ்வாண்டே கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் விபத்துக் காய ஆய்வைத் தொடங்கினார். முதலில் விமானங்கள், 1950களில் கார்கள். அதுவரை சாலை விபத்து விசாரணை, பிழை யாருடையது என்பதையே பெரிதும் நாடியது. டிஹேவனின் குழுவோ, காயம் எதனால் நேர்ந்தது என்று வினவியது. இந்தியானா மாநிலக் காவலர்கள் நசுங்கிய வண்டிகளைப் பற்றித் தந்த குறிப்புகளும் மருத்துவர்கள் தந்த காயக் குறிப்புகளும் அருகருகே வைத்து ஒப்பிடப்பட்டன. மோதலில் கதவு திறந்துகொண்டு வெளியே எறியப்பட்டவர்களே மிகுதியாக மாண்டனர் என்பது புலனாயிற்று. எறியப்படுவதே நல்லது என்று அந்நாளில் பலரும் நம்பியிருந்தனர்.

1956இல் ஃபோர்டு நிறுவனத்தின் கார்கள், எளிதில் திறவாத கதவுத் தாழ்களோடும் நெஞ்சைக் குத்தாவண்ணம் நடுப்பகுதி உட்குழிந்த திசைமாற்றிச் சக்கரத்தோடும் வெளிவந்தன. கார்னெல் குழுவின் ஆய்வே அவற்றிற்கு அடிப்படை. டிஹேவன் 1980இல் மறைந்தார்.