தாய்மார்களைக் காத்த வெள்ளித் தையல்

வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுப்பார்கள். பிறகு வயிற்றின் மேல் தோலைத் தைத்து விடுவார்கள். ஆனால், கர்ப்பப்பையைத் தைக்க மாட்டார்கள். கீறியது கீறியபடியே உள்ளே விட்டுவிடுவார்கள்!

1880-ம் ஆண்டு வாக்கில்கூட ஐரோப்பாவில் பெரிய பெரிய டாக்டர்கள் இப்படித்தான் செய்து வந்தார்கள். மயக்க மருந்து வந்துவிட்டது. கிருமிகளை ஒழிக்கும் வழியை 1867-ல் லிஸ்டர் சொல்லிவிட்டார். அப்படியும் சிசேரியன் ஆபரேஷன் என்றாலே தாய்க்கு மரணம் என்று எல்லோரும் நடுங்கினார்கள்.

ஏன் தைக்கவில்லை? பிரசவம் ஆனதும் கர்ப்பப்பை தானாகவே சுருங்கும். ஆகவே காயமும் தானாக மூடிக்கொள்ளும் என்று நம்பினார்கள். உள்ளே போட்ட தையலைப் பிறகு எப்படிப் பிரிப்பது? நூல் கிடந்து சீழ் பிடித்தால் என்ன செய்வது? இந்தப் பயமும் இருந்தது.

நம்பிக்கை பொய்த்தது. சுருங்குகிற கர்ப்பப்பை இடையிடையே தளரும். அப்போது காயம் வாய் பிளக்கும். இரத்தமும் கழிவு நீரும் வயிற்றுக்குள் கசியும். காய்ச்சல் கண்டு, வயிறு வீங்கி, தாய் சில நாட்களில் கண்ணை மூடிவிடுவாள்.

இத்தாலியில் பாவியா நகரத்து டாக்டர் போரோ, 1876-ல் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். குழந்தையை எடுத்ததும் கர்ப்பப்பையையே அறுத்து எடுத்துவிட்டார். தாய் பிழைத்தாள்! மற்ற டாக்டர்களும் அந்த முறையைப் பின்பற்றினார்கள். பல உயிர்கள் தப்பின. ஆனால், அந்தப் பெண்கள் மறுபடி தாயாக முடியாது. உயிருக்கு விலையாகக் கர்ப்பப்பையைக் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்த விலை தேவையில்லை என்று எடுத்துக் காட்டியவர்தான் மாக்ஸ் சேங்கர்.

ஜெர்மனியில் பேராய்த் என்ற ஊரில் 1853-ல் பிறந்தவர் அவர். லைப்சிக் நகரில் பேராசிரியர் கிரேடேயிடம் உதவி டாக்டராகச் சேர்ந்தார். பிறந்த குழந்தையின் கண்ணில் வெள்ளி உப்பு கலந்த சொட்டு மருந்து விட்டுக் குருட்டுத்தன்மையைத் தடுத்தாரே, அதே கிரேடேதான்!

சேங்கர் பழைய ஏடுகளைப் புரட்டினார். எங்கெங்கே சிசேரியன் நடந்தது, யார் பிழைத்தார், யார் இறந்தார் என்று தேடித் தேடிச் சேர்த்தார். அமெரிக்காவில் சில டாக்டர்கள் கர்ப்பப்பையை வெள்ளிக் கம்பியால் தைத்திருந்தார்கள். அப்படித் தைக்கப்பட்ட சில தாய்மார்கள் பிழைத்திருந்தார்கள். கம்பி உள்ளேயே இருந்தது, கெடுதல் செய்யவில்லை.

1882-ல் அவர் தமது நூலை வெளியிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

தையல் இரண்டு வரிசையாகப் போடவேண்டும் என்றார். முதல் வரிசை வெள்ளிக் கம்பி. அது தடித்த தசையை ஆழமாகப் பிடித்து இழுக்கும். ஆனால், ஊசி கர்ப்பப்பையின் உட்சவ்வைத் தொடக்கூடாது. தொட்டால் உள்ளே இருக்கும் அழுக்கு தையல் வழியாக வெளியே ஏறிவிடும். இரண்டாவது வரிசை பட்டு நூல். மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வின் ஓரங்களை உட்புறமாக மடித்துச் சேர்த்துத் தைக்க வேண்டும். அந்தச் சவ்வு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். பிறகு கசிவுக்கு வழியில்லை. கையும் கருவியும் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதையும் அவர் விடவில்லை.

அதே ஆண்டில் டாக்டர் லியோபோல்டு இந்த முறையைக் கையாண்டார். சில ஆண்டுகளில் அது பல நாடுகளுக்குப் பரவியது.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. 1881-லேயே கேரர் என்ற ஜெர்மன் டாக்டர், கர்ப்பப்பையின் அடிப்பகுதியைக் குறுக்காகக் கீறி, இரண்டு அடுக்காகத் தைத்துத் தாயைக் காப்பாற்றிவிட்டார். ஆனால், பெயர் சேங்கருக்குத்தான் கிடைத்தது. இன்று உலகெங்கும் பெரும்பாலும் போடப்படுவது கேரர் போட்டது போன்ற குறுக்குக் கீறல்தான்!

சேங்கர் 1890-ல் லைப்சிக்கில் பேராசிரியரானார். 1895-ல் மார்ட்டின் என்ற டாக்டருடன் சேர்ந்து ஒரு பிரசவ மருத்துவப் பத்திரிகையைத் தொடங்கினார். 1899-ல் பிராக் நகருக்குப் போனார். 1903-ல், 50 வயது நிறைவதற்கு முன்பே, அங்கே காலமானார்.

வெள்ளிக் கம்பி போய், உடம்பிலேயே கரைந்துவிடும் நூல் வந்துவிட்டது. ஒரு வரிசை போதுமா, இரண்டு வேண்டுமா என்ற விவாதம் மட்டும் தீரவில்லை. இந்தியா உட்படப் பல நாடுகளில் சுமார் 16,000 பெண்களிடம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2013-ல் வெளியாயிற்று. ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.